கம்போ பாக்கெட்டுக்கும் ஏறிய பிரஷருக்கும் சம்பந்தம் இருக்குமா?

நிஷிகசாய் செல்வம்:

வணக்கம். டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இருக்கிறேன், வயது 49. நாலு வருஷமாக பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், காலையில் ஒரு மாத்திரை. வீட்டிலேயே பிரஷர் மெஷின் வைத்து அளந்து நோட்டில் எழுதி வைப்பேன். இந்த ஊர் டாக்டர்கள் அந்த நோட்டைக் கேட்காமல் விடமாட்டார்கள். டிசம்பர் வரைக்கும் 126, 130, மிஞ்சிப் போனால் 134. கடந்த மூன்று வாரமாகக் காலையில் 156-க்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை 164/98.

இடையில் என்ன மாறியது என்று உட்கார்ந்து யோசித்தேன். டிசம்பரில் ராத்திரி தூக்கத்தில் கெண்டைக்கால் சுண்டி இழுக்க ஆரம்பித்தது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் விடும். பக்கத்தில் இருக்கும் எலும்பு மருத்துவரிடம் போனேன். வெள்ளிப் பாக்கெட்டில் 68 என்று நம்பர் போட்ட கம்போ பொடி, அதாவது ஜப்பானிய மூலிகை மருந்துப் பொடி கொடுத்தார், சாப்பாட்டுக்கு முன்னால் தினம் மூன்று. முதல் வாரத்திலேயே இழுப்பு நின்றுவிட்டது. நிறுத்தினால் திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்தில் விடாமல் சாப்பிட்டு வருகிறேன். பத்து வாரம் தாண்டிவிட்டது.

பிப்ரவரி நடுவில் சுகி மர மகரந்தம் பறக்கத் தொடங்கியதும் எனக்கு வழக்கம்போல மூக்கு ஒழுகல். தூக்கம் வராத மருந்து வேண்டும் என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்டேன். அவர் கொடுத்ததும் கம்போதான், நம்பர் 19, அதுவும் மூன்று வேளை.

இப்போது சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளமாகத் தடம் இருக்கிறது. எடை 3 கிலோ கூடியிருக்கிறது. பிரஷர் பார்க்கும் டாக்டர், அம்லோடிபினுக்கே கால் வீங்குவது உண்டு என்று சொல்லி, நீர் பிரிய ஒரு மாத்திரையைச் சேர்த்தார். கம்போ சாப்பிடுவதை அவரிடம் நான் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததில்லை, அது மருந்து என்றே மனதில் பதியவில்லை. ஒகுசுரி தெச்சோ, அதாவது மருந்துக் குறிப்பேடு, மேசை டிராயரில் தூங்குகிறது. மூன்று டாக்டர், மூன்று மருந்துக்கடை.

ஒரு வாரமாக ஸ்டேஷன் படி ஏறும்போது தொடை கனக்கிறது, பாதிப் படியில் நிற்க வேண்டியிருக்கிறது. மூலிகைப் பொடி பிரஷரை ஏற்றுமா? இல்லை, வயசும் ஆபீஸும்தான் காரணமா?

ஒன்று விட்டுவிட்டேன். தொண்டை கரகரப்புக்கு அம்மா மதுரையிலிருந்து அனுப்பும் அதிமதுரப் பொடியை ராத்திரி வெந்நீரில் கலந்து குடிப்பேன். அது பல வருஷப் பழக்கம், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

வேர்தேடி:

செல்வம் சார், மூலிகையைச் சந்தேகப்படாதீர்கள். ஆயிரக்கணக்கான வருஷமாக மனிதன் சாப்பிட்டு வந்த வேரும் பட்டையும் அது. சந்தேகப்பட வேண்டியது அந்த அம்லோடிபினையும் புதிதாகக் கொடுத்த நீர் மாத்திரையையும்தான். கால் வீங்குவது அதனால் என்று உங்கள் டாக்டரே சொல்லிவிட்டாரே! இரண்டையும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள், உடம்பே சொல்லும்.

மருந்துக்கடை மீனா:

செல்வம் அண்ணா, முதலில் ஒன்று. மேலே சொன்னபடி அம்லோடிபினை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியவை 68, 19, அம்மாவின் பொடி, இந்த மூன்றும். நாளைக்கே உங்கள் பிரஷர் டாக்டரிடம் போங்கள். மூன்று பாக்கெட்டையும் கையில் கொண்டுபோய்க் காட்டி, இரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கவும் ஈசிஜி எடுக்கவும் கேளுங்கள். அந்த நீர் மாத்திரை தொடர வேண்டுமா என்றும் அவரிடமே கேளுங்கள். நெஞ்சு படபடத்தாலோ கைகால் தூக்க முடியாமல் போனாலோ நாளை வரை காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், 119.

இனி ஏன் என்று சொல்கிறேன். நான் ஒசாகாவில் ஒரு மருந்துக்கடையில் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். நம்பர் 68 என்பது ஷாகுயாகு-கன்ஸோ-தோ. பெயரிலேயே சரக்கு இருக்கிறது. ஷாகுயாகு என்பது பியோனிச் செடியின் வேர். கன்ஸோ என்று எழுதும் இரண்டு கான்ஜி எழுத்துக்கும் பொருள் இனிப்புப் புல். நம் ஊரில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? அதிமதுரம்! பிப்ரவரியிலிருந்து நீங்கள் ஒரே வேரை மூன்று பெயரில் சாப்பிட்டு வருகிறீர்கள்.

கணக்குப் போடுவோம். 68-ஐ ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் சாப்பிட்டால் அதில் 6 கிராம் அதிமதுரத்தின் சாறு. 19, அதாவது ஷோசெய்ர்யூதோ, மூன்று பாக்கெட்டில் 3 கிராம். ஆக 9 கிராம், அம்மாவின் பொடி தனி. ஒரு நாளைக்கு 2.5 கிராமைத் தாண்டினாலே இங்கே மருந்தாளர்களுக்குக் கை சற்று நின்று யோசிக்கும். கம்போ நம்பர்களில் 68 மாதிரி அதிமதுரம் கொட்டிக் கிடப்பது அபூர்வம். அதனால்தான் கெண்டைக்கால் இழுப்புக்கு அது அவ்வளவு சட்டென்று கேட்கிறது. அதே காரணத்தால்தான் அதை மாசக்கணக்கில் மூன்று வேளை விழுங்கக் கூடாது.

அதிமதுரத்தில் கிளிசரைசின் என்று ஒரு பொருள் இருக்கிறது, இனிப்பு அதனுடையதுதான். குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து வேறொன்றாக மாற்றி இரத்தத்துக்கு அனுப்புகின்றன. அப்புறம் கதை சிறுநீரகத்தில் நடக்கிறது. உப்பை வெளியே விடாதே, பிடித்து வை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டீரோன். கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் அதே பூட்டில் நுழையக்கூடிய சாவி. போதாக்குறைக்கு அது இரத்தத்தில் பல மடங்கு அதிகமாக ஓடுகிறது. அது பூட்டுக்குள் போய்விடாமல் வாசலிலேயே மடக்கிச் செயலிழக்க வைக்க ஒரு நொதி அங்கே காவல் நிற்கிறது. அதிமதுரம் அந்தக் காவல்காரனைத் தூங்க வைத்துவிடுகிறது. கார்டிசால் உள்ளே புகுந்து பூட்டைத் திறக்கிறது. உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரில் போகிறது. பிரஷர், கால் வீக்கம், 3 கிலோ எடை, தொடைக் கனம் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம்.

ஜப்பானியர்கள் இதை கி-அருதோஸுதெரோன்-ஷோ என்கிறார்கள். கி என்றால் போலி. ஆல்டோஸ்டீரோன் அதிகமானது போல எல்லா அறிகுறியும் இருக்கும், அளந்து பார்த்தால் ஆல்டோஸ்டீரோன் குறைவாகவே இருக்கும்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பயம் தருவது அந்த நீர் மாத்திரைதான். நீர் மாத்திரைகளில் பல பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியே தள்ளும். ஏற்கெனவே ஓட்டையான வாளியில் இன்னொரு ஓட்டை. வீக்கத்தைப் பார்த்து அதைக் கொடுத்த டாக்டரையும் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது அம்லோடிபின் ஒன்றுதானே. பொட்டாசியம் குறைந்தாலே தசை இழுக்கும். இழுப்புக்காக இன்னொரு பாக்கெட் 68 பிரிப்பார்கள். இந்தச் சுழலில் மாட்டிய பாட்டிகளை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன்.

19-இல் இன்னொரு சரக்கும் உண்டு, மாவோ, ஒரு நாளைக்கு 3 கிராம். எபிட்ரா என்ற செடியின் தண்டு. அதிலிருந்து எபிட்ரினை முதலில் பிரித்தெடுத்தவர் நாகாய் நாகாயோஷி, 1885-இல். பெர்லினில் படித்துத் திரும்பியவர், ஜப்பான் மருந்தியல் சங்கத்தின் முதல் தலைவர். எபிட்ரின் மூக்கடைப்பைத் திறக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும், கூடவே இதயத்தை வேகமாக அடிக்க வைத்து இரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஜலதோஷம் என்றதும் எல்லாரும் ஓடிப்போய் வாங்கும் நம்பர் 1, கக்கோன்தோ, அதிலும் இந்த மாவோ 3 கிராம், அதிமதுரம் 2 கிராம். தொப்பை கரையும் என்று கடைகளில் விற்கிற போஃபூ-ட்சூஷோ-சானிலும் இரண்டும் இருக்கின்றன. பிரஷர் உள்ளவர்கள் இந்த மூன்றையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வேர்தேடி அவர்களே, மாத்திரையை நிறுத்திப் பார் என்று முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது கொஞ்சம் யோசியுங்கள். 164-இல் இருப்பவர் அவர்.

பழைய யோகோஹாமாக்காரன்:

தம்பி, மீனா சொன்னதைச் செய். நான் இங்கே வந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது, கம்போவின் இன்னொரு பக்கத்தை எழுதுகிறேன். எல்லாப் பாக்கெட்டும் பிரஷரை ஏற்றும் என்று நீ பயந்துவிடக் கூடாது.

எனக்குக் காலையில் எழுந்ததும் தலை பாரம், பிடரியிலிருந்து நெற்றி வரைக்கும் ஒரு வலி. ஸ்கேன் எல்லாம் எடுத்து ஒன்றும் இல்லை என்றான பிறகு டாக்டர் 47 எழுதினார். ச்சோதோசான். நடுவயதைத் தாண்டியவர்கள், அல்லது பிரஷர் ஏறும் போக்கு உள்ளவர்களின் நாள்பட்ட தலைவலிக்கு என்று அதன் தாளிலேயே போட்டிருக்கும். பதினோரு சரக்கு. சாமந்திப்பூ, ஆரஞ்சுத் தோல், இஞ்சி, ஜிப்சம் கல்கூட உண்டு. அதிமதுரம் 1 கிராம்தான். தலைமைச் சரக்கு ச்சோதோகோ, ஒரு கொடியின் கொக்கி முள். அந்தக் கொடி மரத்தைப் பற்றி ஏறுவதற்கு வளைந்த முள் விடும், பார்க்க அச்சாகத் தூண்டில் முள்தான். எழுத்துக்கும் பொருள் அதுவே, தூண்டில் கொடியின் கொக்கி. நம் ஊரில் தாம்பூலத்துக்குப் போடுகிற கத்தக்காம்பு இருக்கிறதே, அந்தச் செடியும் இதற்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே பேரினம். ஊருக்குப் போனபோது என் மாமாவிடம் சொன்னேன், அப்படியானால் எனக்கு எப்படி இத்தனை வருஷமாக பிரஷர் இருக்கிறது என்று கேட்டு வெற்றிலையைத் துப்பினார்.

அந்தக் கொக்கியில் இருக்கும் ரிங்கோபிலின், ஹிர்சுடின் என்ற பொருள்கள் இரத்தக் குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்துக் குழாயைத் தளர்த்துவதாக விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். நீ சாப்பிடும் அம்லோடிபினும் போவது அதே வழியில்தான். இதைப் படித்துவிட்டு, 47 இருக்க மாத்திரை எதற்கு என்று ஒரு காலத்தில் எனக்கும் ஆசை வந்தது. டாக்டர் தடுக்கவில்லை. ஒரு மாசம் நோட்டில் எழுதிக்கொண்டு வா என்றார். எழுதினேன். தலைபாரம் போயிற்று, தூக்கம் வந்தது, மேல் எண் மட்டும் 148-ஐ விட்டு நகரவில்லை. வீட்டில் அளந்தால் 135/85 தாண்டினாலே இங்கே உயர் அழுத்தம் என்று கணக்கு. அப்புறம் மாத்திரையும் ஆரம்பித்தேன், ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டேன், ராமென் சாற்றைக் கிண்ணத்திலேயே மிச்சம் வைக்கக் கற்றுக்கொண்டேன். எண் இறங்கியது அதற்கு அப்புறம்தான். 47-ஐ இன்னும் சாப்பிடுகிறேன், தலைவலிக்காக.

என் மனைவிக்கு வேறு. முகம் குப்பென்று சிவக்கும், மேலெல்லாம் சூடு, படபடப்பு. அவருக்கு 15, ஓரென்-கெடோகு-தோ. அதில் அதிமதுரமே கிடையாது, வாயில் வைத்த உடனே தெரிந்துவிடும்! மரமஞ்சளில் இருக்கும் அதே பெர்பெரின்தான் இதிலும், அந்தக் கசப்பு நாக்கின் அடி வரைக்கும் போகும். பிரஷர் உள்ளவர்களை வைத்து இந்த 15-ஐப் போலிப் பொடியோடு ஒப்பிட்ட ஒரு ஆய்வு 2006-இல் வந்தது. முகச் சிவப்பும் உடல் சூடும் குறைந்தன, பிரஷர் எண்ணில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. எங்கள் வீட்டு நோட்டும் அதையேதான் சொல்கிறது.

மருந்துக்கடை மீனா:

ஐயா எழுதிய 15 பற்றி ஒரு வரி. அதில் சான்ஷிஷி என்ற கார்டீனியா காய் இருக்கிறது. அதை வருஷக்கணக்கில், பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கு மேல், தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் குடலின் சிரைகள் தடித்து இறுகிப்போன கேஸ்கள் வந்திருக்கின்றன. உங்கள் மனைவி நெடுநாளாகச் சாப்பிடுகிறார் என்றால், அடுத்த முறை டாக்டரிடம் எத்தனை வருஷம் என்று எண்ணிச் சொல்லுங்கள். வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் அடிக்கடி வந்தால் உடனே சொல்லுங்கள்.

வேர்தேடி:

சித்த மருத்துவத்தில் அதிமதுரம் எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது! என் பாட்டி தொண்டைக்குக் கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். யாருக்கும் கால் வீங்கவில்லையே. ஜப்பான்காரன் சாறெடுத்துப் பொடியாக்கியதில்தான் கோளாறு இருக்கும்.

மருந்துக்கடை மீனா:

பாட்டி கொடுத்தது எவ்வளவு? வாயில் அடக்கிக்கொள்ள ஒரு துண்டு வேர், இரண்டு மூன்று நாளைக்கு. என் பாட்டியும் அப்படித்தான் கொடுத்தார். அதற்கும் பத்து வாரம் தினம் 6 கிராம், பிப்ரவரியிலிருந்து 9 கிராம் என்று சாப்பிடுவதற்கும் எங்கே பொருத்தம்?

சாறெடுத்ததால் வந்த கோளாறும் இல்லை. நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரம் கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது, நோயாளிகளில் சிலருக்கு முகமும் காலும் வீங்கின. அவர் அதை எழுதியது 1946-இல். அங்கே அது மிட்டாயாகவும் தின்னும் வேர். எல்லாருக்கும் வருவதில்லை என்பதும் உண்மை. வயதானவர்கள், பெண்கள், ஒல்லியான உடம்புக்காரர்கள், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சீக்கிரம் மாட்டுகிறார்கள்.

மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது என்று ஜப்பானிலும் ஒரு காலத்தில் நம்பினார்கள். ஷோ-சைகோ-தோ என்ற நம்பர் 9-ஐக் கல்லீரல் அழற்சிக்கு ஊரெல்லாம் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டவர்களில் நுரையீரல் அழற்சி வந்து 10 பேர் இறந்தது 1996 மார்ச்சில் தெரிந்ததும், சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விட்டது. அதற்காகக் கம்போவை யாரும் தூக்கி எறியவில்லை. இன்றைக்கும் 148 கம்போ மருந்துகள் காப்பீட்டில் இருக்கின்றன, தினமும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். அன்றிலிருந்து அதையும் மருந்தாக மதித்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

நிஷிகசாய் செல்வம்:

எல்லாருக்கும் நன்றி. நாலு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மறுநாள் காலையிலேயே போனேன். பாக்கெட்டுகளை மேசையில் பரப்பியதும் டாக்டர் முதலில் 68-ஐ எடுத்தார், எத்தனை நாளாக என்று ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கே இரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 2.9, ரொம்பக் குறைவு. ஆல்டோஸ்டீரோன் முடிவு பின்னால் வந்தது, மீனா சொன்ன மாதிரி குறைவு. ஈசிஜியில் சின்ன மாற்றம் இருந்ததால் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். நீர் மாத்திரையை நிறுத்தி, பொட்டாசியம் கொடுத்து, ஸ்பைரோனோலாக்டோன் என்று ஒன்றையும் கொஞ்ச நாளைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பூட்டையே அடைத்து வைக்கிற மருந்து என்று சொன்னார்கள்.

நிறுத்தின உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன், அப்படி ஆகவில்லை. முதல் வாரம் 150-லேயே நின்றது. இரண்டாவது வாரம் எடை இறங்க ஆரம்பித்தது, ராத்திரியில் பாத்ரூமுக்கு நடந்த நடை இருக்கிறதே! இந்த வாரச் சராசரி 133/82. படியில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

கால் இழுப்பு இரண்டு முறை வந்தது. படுக்கப் போவதற்கு முன் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், செய்கிறேன். இனி 68 வேண்டுமானால் இழுக்கும் ராத்திரியில் ஒரு பாக்கெட், அதுவும் அவரைக் கேட்டுவிட்டு. மூக்குக்கு ஃபெக்ஸோஃபெனடின். தூக்கமும் வரவில்லை, முதலிலேயே அதைக் கேட்டிருக்கலாம்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அதிமதுரத்தால் என்று சொன்னதும் அவருக்குக் கோபம். நீ அங்கே ஏதோ கண்ட மருந்தைச் சாப்பிட்டுவிட்டு என் பொடியைச் சொல்லாதே என்றார். பாதி நியாயம்தான், என் 9 கிராமில் அம்மாவின் பங்கு சேரவே இல்லை.

மருந்துக்கடை மீனா:

2.9 என்று படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது அண்ணா. நல்லவேளை. இனி மூன்று டாக்டரிடம் போனாலும் மருந்து வாங்குவது ஒரே கடையாக இருக்கட்டும், 68-உம் 19-உம் ஒரே கவுண்டருக்கு வந்திருந்தால் யாராவது உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். தெச்சோவை டிராயரிலிருந்து எடுத்துப் பையில் போடுங்கள். ஊரிலிருந்து வருகிற பொடியையும் அதில் எழுதுங்கள், பென்சிலில் கிறுக்கினாலும் போதும்.

நிஷிகசாய் செல்வம்:

எழுதிவிட்டேன். அதிமதுரத்தைக் கதகானாவில் எப்படி எழுதுவது என்று பத்து நிமிஷம் மல்லுக்கட்டினேன். கடைசியில் கன்ஸோ என்று போட்டு, பக்கத்தில் "அம்மா" என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.